படுக்க வைத்து எடுத்த எண்

அந்த அம்மாவுக்குத் தையல்தான் பிழைப்பு. தலைவலி, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று என் கிளினிக்குக்கு வந்தார். உட்கார்ந்தபடியே விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். 90 காட்டியது. விரல் சில்லிட்டிருக்கும் என்று நினைத்து, கட்டிலில் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். 95. அதைத்தான் சீட்டில் எழுதினேன். கீழுதட்டில் குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள். அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமாம். "சூட்டு உடம்பு டாக்டர்" என்றார். தலையாட்டினேன்.

சில மாதங்களில் வலிப்பு வந்து, வலது கை இழுத்துக்கொண்டது. மூளையில் சீழ்க்கட்டி. சீழை எடுத்த பிறகு பபிள் எக்கோ செய்தார்கள், நானும் போயிருந்தேன். சலைனையும் துளி காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளினால் நுண்குமிழிகள் உண்டாகும். கைச் சிரையில் ஏற்றியதும் இதயத்தின் வலப்பக்கம் வெள்ளையாகும். நுரையீரலின் தந்துகிகள் குமிழிகளைச் சல்லடைபோல் நிறுத்திவிடுவதால் இடப்பக்கம் கறுப்பாகவே இருக்க வேண்டும். இதயச் சுவரில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் மூன்று துடிப்புக்குள் இடப்பக்கம் வந்துவிடும்.

வலப்பக்கம் வெளுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இடப்பக்கம் கறுப்பு. நான்கு. இன்னும் கறுப்பு. ஐந்தாவது துடிப்பில், நுரையீரல் சிரை வழியாகக் குமிழிகள் கொட்டத் தொடங்கின. தமனியும் சிரையும் தந்துகியே இல்லாமல் நேராக இணைந்திருக்கின்றன. கிருமியும் வடிகட்டப்படாமல் இப்படித்தான் மூளைக்கு ஏறியிருக்கிறது.

அந்த 90 நினைவுக்கு வந்தது. இத்தகைய இணைப்புகள் பெரும்பாலும் நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கும். உட்கார்ந்தால் ரத்தம் அங்கே கூடுதலாக இறங்கி ஆக்சிஜன் குறையும், படுத்தால் ஏறும். கருவி இரண்டு முறையும் சரியாகத்தான் சொன்னது. எனக்குப் பிடித்த எண்ணை நான் எழுதிக்கொண்டேன்.

மூக்கு ரத்தம், உதட்டுப் புள்ளி, நுரையீரல் இணைப்பு மூன்றும் சேர்ந்தால் எச்.எச்.டி. என்ற பரம்பரை நோய். சி.டி. எடுத்து, இணைப்பை உலோகச் சுருள் வைத்து அடைத்தார்கள். மூச்சு வாங்குவது நின்றது. ஊசியில் நூல் கோக்க அந்தக் கைக்கு இன்னும் வரவில்லை, மெஷினை விற்றுவிட்டார்.

நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பையனுக்கும் மூக்குல ரத்தம் வருதே டாக்டர்" என்றார். பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. அவனுக்கும் குமிழிகள் இடப்பக்கம் வந்தன. சி.டி.யில் தெரிந்த இணைப்பை அடைத்தாயிற்று. பல் பிடுங்கப் போனால் முதலில் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்று அவன் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.