கண்ணபுரத்தில் கிடாரிகளுக்கு ஓர் இடம்

வியாழன்

ஓலப்பாளையம் பிரிவிலிருந்தே மாடு ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சித்திரைத் தேரையொட்டிக் கூடும் சந்தை இது. காங்கேயம் மாடுகளுக்கென்றே பேர் பெற்றது. வெறுங்காடுகளில் முளைக்குச்சி அடித்துப் பட்டி பட்டியாகக் கட்டியிருக்கிறார்கள். சோளத்தட்டும் தண்ணீர்த் தொட்டியும் மாடுகளோடு கூடவே வந்து இறங்குகின்றன.

கூட்டமெல்லாம் காளைகளைச் சுற்றித்தான். கறுத்த திமிலும் கறுத்த கழுத்துமாக ஒரு மயிலைக் காளை நின்றது. காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுத்துவிடும். அதனால் திமிலைத் தொலைவில் பார்த்தே பொலிகாளையா வண்டிமாடா என்று சொல்லிவிடுவார்கள். 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு இளவட்டங்கள் ஆசை ஆசையாகக் காளை வளர்க்கிறார்கள். எனக்கு அதில் மனநிறைவுதான். ஆனால் நான் பார்க்க வந்தது கிடாரிகளை. அவை ஓரமாக, வேப்பமர நிழலில் கட்டிக் கிடந்தன. அந்தப் பக்கம் ஆளே இல்லை.

வெள்ளி

அந்த ஓரத்தில்தான் இன்று பொழுது முழுக்க இருந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், கிடாரிக் கன்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கயிற்றை வாயருகே குட்டையாகப் பிடித்து, மற்ற கையால் அலைதாடியை நீவிவிட்டபடியே இருந்தாள். பக்கத்தில் பறையடித்துப் போனபோதும் கன்று மிரளவில்லை.

"உன்னோடதா கண்ணு?"

"ஆமாங் அத்தை. எங்க அமுச்சி எனக்குன்னு குடுத்தது. பொறந்தப்பச் செக்கச்செவேல்னு இருந்துச்சுங். ஆறாம் மாசத்துக்கு மேலதான் வெளுத்துச்சு."

காங்கேயம் கன்றுகள் பெரும்பாலும் சிவப்பாகத்தான் பிறக்கும். புத்தகத்தில் படித்துச் சொல்பவர்கள் உண்டு. இவள் நாள்தோறும் பார்த்துச் சொன்னாள். எந்த மாதம் காது நுனி வெளுத்தது, எப்போது முதுகு வெளுத்தது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள்.

தரகர் ஒருவர் வந்து வாயைத் திறந்து பார்த்தார். "பல்லுப் போடலியா?"

"இல்லீங் மாமா, பால் பல்லுத்தான்."

இரண்டு வயது தாண்டித்தான் முதல் சோடி நிலைப்பல் முளைக்கும். அவர் சுழி பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், விலை கேட்டார். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாரு பதில் சொன்னார்: "விக்கறதுக்கில்லீங். சும்மா நாலு பேர் பாக்கட்டும்னு கூட்டியாந்தோம்."

தரகர் தலையாட்டிவிட்டு அடுத்த மாட்டுக்குப் போய்விட்டார். அந்த நாலு பேர் யார், எந்த இடத்தில் நின்று பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். விற்கிறவனுக்கு இங்கே இடம் இருக்கிறது. காட்ட வந்தவளுக்கு இல்லை.

சனி

வரும் வழியில் கொறங்காடுகளைப் பார்த்தபடி வந்தேன். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், தரையெல்லாம் கொழுக்கட்டைப்புல். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழைதான் இந்த மண்ணுக்கு. அதற்குத் தோதாக ஊர்க்காரர்கள் கட்டிக் காத்த மேய்ச்சல் இது. வேலி உயிர்வேலி என்பதால் மேய்க்க ஆள் வேண்டாம். காலையில் மாட்டை விட்டுப் படலைச் சாத்தினால் போதும். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேர்பெற்ற மாடாக ஆக்கியதும் இப்படிப்பட்ட காடுகளை நம்பித்தான்.

கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் காளைக்கு வேலை இருந்தது, காளையைப் பெற்றுத் தரும் பசுவுக்கு மதிப்பும் இருந்தது. மின்மோட்டாரும் டிராக்டரும் வந்து அந்த வேலை போயிற்று. வேளைக்கு ஒன்றிரண்டு லிட்டர் கறக்கும் பசுவைக் கலப்பின மாட்டோடு சொசைட்டிப் பால் கணக்கில் வைத்துப் பார்த்தால் அது தோற்கத்தான் செய்யும். பசு போனால் கொறங்காட்டை எதற்கு வைத்திருக்க வேண்டும்? மனை போட்டு விற்கிறார்கள். ஒரு நல்ல பொலிகாளை ஊர் முழுதுக்கும் போதும். ஆனால் கன்று போட ஒவ்வொரு கட்டுத்தரையிலும் ஒரு பசு வேண்டும். இனம் நிற்பதும் விழுவதும் கிடாரியை யார் வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான். அதை அந்த அப்பாரு அறிந்திருக்கிறார். அதனால்தான் விற்க மறுத்தார்.

ஞாயிறு

கால்நடைத் துறை ஊர்களில் நடத்தும் முகாம்களில் கிடேரிக் கன்று பேரணி நடத்திச் சிறந்த கன்றுக்குப் பரிசு தருவது உண்டு. நல்ல வழக்கம். ஆனால் அங்கே பார்ப்பது கன்றை மட்டும். அமெரிக்கக் கிராமங்களில் 4-எச் என்ற இளைஞர் அமைப்பு நடத்தும் கண்காட்சிகளில் தனியாக ஒரு போட்டி உண்டு. அதில் மாட்டின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளை மாட்டை எப்படி நடத்திக் கூட்டி வருகிறது, எப்படி நிறுத்துகிறது, கேட்ட கேள்விக்கு என்ன சொல்கிறது என்று பிள்ளையைத்தான் பார்ப்பார்கள். பணக்கார வீட்டுக் கன்றும் ஏழை வீட்டுக் கன்றும் அங்கே ஒன்றாக நிற்க முடியும். இது நமக்கு வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். காது நுனி வெளுத்த மாதத்தைச் சொன்ன பெண்ணுக்கு எந்த நடுவரும் முழு மதிப்பெண் தருவார்.

மாலையில் விழாவேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பேசினேன். பதினைந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள், அவர்களே வளர்த்த கிடாரிகள், ஒரு காலைப் பொழுது, ஒரு வட்டம், அவ்வளவுதான் என்றேன்.

"பண்ணலாம்ங் அம்மிணி. பரிசு என்ன குடுக்கறது? கொடமா, வெள்ளிக் காசா?"

பக்கத்துப் பட்டியில் மயிலைக் காளை கட்டியிருந்தவர் எழுந்து வந்தார். நாங்கள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"செயிக்கிற கிடாரி பருவத்துக்கு வந்ததும் எங்க காளைக்குச் சேத்திக்கட்டும்ங். காசு வாங்க மாட்டேன். வண்டி வாடகையும் நானே குடுத்தர்றேன்."

பெரியவர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பால் பல் கிடாரிக்கு ஒரு வரிசை, இரண்டு பல்லுக்கு ஒரு வரிசை என்று பிரிக்கச் சொன்னேன். அதையும் எழுதினார். பிள்ளைகளின் பேரைப் பள்ளிகள் வழியாக வரும் தையிலேயே கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுதித் தரும் பொறுப்பு என்னுடையது.