மயில் பெருகுகிறது, பனங்காடை குறைகிறது: எண்ணிச் சொல்ல உழவரும் வேண்டும்

கடலூரிலிருந்து பண்ருட்டி போகும் சாலையில் நெல்லிக்குப்பத்தைத் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் கரும்பும் நெல்லும். கரும்பு வெட்டும் நாளில் இந்தப் பக்கம் வந்தால் பறவை பார்க்க வேறெங்கும் போக வேண்டாம். ஆட்கள் வெட்டிக்கொண்டே முன்னே போக, பின்னாலேயே உண்ணிக்கொக்கும் மைனாவும் கரிச்சானும் இறங்கிவிடும். சோகைக்கு அடியில் ஒளிந்திருந்த புழு பூச்சிகள் அவற்றுக்கு விருந்து. வாய்க்கால் ஓரம் கானாங்கோழி, மின்கம்பியில் பஞ்சுருட்டான், கிணற்று மேட்டில் மீன்கொத்தி.

கெடிலத்தைக் கடந்து தெற்கே ஏறினால் மண் சிவக்கிறது. நடுவீரப்பட்டுப் பக்கம் முந்திரித் தோப்பும் பலாவும். அங்கே கௌதாரி, செம்போத்து, மரங்கொத்தி, மாங்குயில். இன்னும் தென்மேற்கே போனால் நெய்வேலி நகரியம். தெருவெல்லாம் வளர்ந்து நிற்கும் மரங்களில் கிளியும் குக்குறுவானும் சத்தம் போடும். சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் வாலாஜா ஏரிக்கும், பரவனாறு வழியாகப் பெருமாள் ஏரிக்கும் போகிறது. அந்த நீரை நம்பி நடவும் உண்டு, பறவையும் உண்டு. நீர்க்காகம், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை ஆகியவற்றோடு குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளையும் ஏரிகளில் பார்க்கலாம்.

நஞ்சை, முந்திரிக்காடு, நகரியம், ஏரி என்று நான்கு வகை நிலத்தை இருசக்கர வண்டியில் ஒரே நாளில் சுற்றிவிடலாம். பறவை பார்ப்பவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

பொங்கலன்று ஒரு கணக்கு

பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் விலங்கியல் படித்தவர்கள் அல்லர். ஆசிரியர், மாணவர், வங்கி ஊழியர், ஓய்வு பெற்றவர் எனப் பலதரப்பட்டவர்கள். 'இந்தியப் பறவைகள்' என்ற புத்தகத்தை 1941-இல் எழுதிய சாலிம் அலியே பறவையியலில் பட்டம் பெற்றவர் இல்லை. பார்த்துப் பார்த்துக் கற்றவர்தான்.

தமிழ்நாட்டின் பறவை ஆர்வலர்கள் 2015-இலிருந்து ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் அவரவர் ஊரிலேயே, வயலிலேயே நின்று எண்ணலாம். கட்டணம் இல்லை. செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எத்தனை என்று எழுதி, 'ஈபேர்டு' என்ற செல்போன் செயலியில் பதிய வேண்டும்.

இதில் 'எல்லாப் பறவைகளையும்' என்பதுதான் முக்கியம். அழகான பறவையை மட்டும் எழுதினால் கணக்குத் தப்பிவிடும். காக்கையும் மைனாவும் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் 100 முழுப் பட்டியல்கள் வந்தால், அவற்றில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் கொண்டு பறவையின் நிலை தெரியவரும். பட்டியலில் ஒரு பறவை இல்லாததும் ஒரு தகவலே.

எண்ணியதில் தெரிந்தது

இப்படி நாடு முழுவதும் 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் தந்த சுமார் 3 கோடிப் பதிவுகளை வைத்து 2023-இல் இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை வெளிவந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்தவை 338 இனங்கள். அவற்றில் 204 இனங்கள் குறைந்துள்ளன. கூடியவை 36 மட்டுமே.

கூடியவற்றில் முதலில் நினைவுக்கு வருவது மயில். ஒருகாலத்தில் மயிலே இல்லாத பகுதிகளுக்கும் அது பரவிவிட்டது. மணிலா விதைத்தவருக்கும் நெல் அறுக்க இருப்பவருக்கும் இதை அறிக்கை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் 'மயில் தொல்லை' என்று வாயால் சொல்வது ஒன்று. எந்த ஊரில், எந்த மாதம், எத்தனை மயில் என்று ஐந்தாறு ஆண்டுக் கணக்கைக் காட்டுவது வேறு. மயில் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பது. அதைப் பற்றி என்ன முடிவு எடுப்பதானாலும் கணக்கு வேண்டும். பட்டியல் போட்டதால் இழப்பீடு வந்துவிடாது. ஆனால் பட்டியலே இல்லாத ஊரின் குறை, குறையாகவே கண்ணில் படாது.

குறைந்தவற்றில் பனங்காடையும் ஒன்று. உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். பறந்தால் இறக்கை நீலமாக விரியும். வெட்டுக்கிளி, வண்டு, சிறு எலி வரை பிடித்துத் தின்னும். கூடு வைப்பது மரப்பொந்தில், அதிலும் பட்டுப்போன பனையின் பொந்து அதற்கு மிகவும் வசதி. பெயரிலேயே பனை இருக்கிறது. வரப்புப் பனையை விறகுக்கும் செங்கல் சூளைக்கும் விற்றுவிட்டால் பனங்காடைக்குப் பொந்து இல்லை.

வயல்காரர் பட்டியல் ஏன் வேண்டும்?

பதிவு செய்பவர்களில் நகரத்தார் அதிகம். அவர்கள் போகும் இடங்கள் ஏரி, சரணாலயம், பூங்கா. கரும்புக்காடும் முந்திரித்தோப்பும் கணக்கில் குறைவாகவே வருகின்றன. விடியற்காலை மடை திறக்கப் போகிறவர் ஆண்டு முழுவதும் பார்க்கும் பறவைகளை ஒருநாள் வந்து போகும் ஆர்வலர் பார்க்க முடியாது. ஆள்காட்டி எந்த மேட்டில் முட்டையிடும், தூக்கணாங்குருவி எந்தக் கிணற்றின் மேல் கூடு கட்டும் என்பதெல்லாம் உழவருக்குத் தெரியும். எழுதி வைக்கும் வழக்கம்தான் இல்லை.

பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு சேர்ந்து தொடங்குங்கள். பறவையின் பெயரை நீங்கள் சொல்ல, பிள்ளை செயலியில் பதியட்டும். காலை 6 மணி முதல் 8 மணிக்குள் நல்ல நேரம். தெரியாத பறவையை ஊகித்து எழுத வேண்டாம், விட்டுவிடலாம். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் படம் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கூட்டின் அருகே போய்ப் படம் எடுக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அதே வரப்பில் நின்று எண்ணினால் பொங்கல் கணக்கைவிட அது மதிப்பு மிக்கது.

எண்ணத் தொடங்கியவர் வயலில் ஒரு வேலையும் செய்யலாம். நெல் நட்டதும் ஏக்கருக்கு 20 இடத்தில் ஆங்கில 'டி' வடிவில் குச்சி நட்டு வையுங்கள். பகலில் கரிச்சான் உட்கார்ந்து புழுவையும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். இரவில் ஆந்தை உட்கார்ந்து எலி பிடிக்கும். கதிரில் பால் பிடிக்கும் முன் குச்சிகளை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தானியம் தின்னும் குருவிகளுக்கும் அதுவே இருக்கையாகிவிடும்.

குச்சி வைத்த வயலில் எத்தனை கரிச்சான், வைக்காத வயலில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊரின் முதல் பட்டியல் அதுவாகவே இருக்கட்டும்.