இரவுக் காவலும் ஒரு பெயர்ப் பட்டியலும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் கணினித் தொழிலில் இருப்போர் இன்று பலர். அவர்களுள் சிலருக்கு இரவுப் பணி. “இராமுழுதும் விழித்திருந்து என்னதான் பார்க்கிறாய்?” என்று ஊரிலிருந்து வந்த பெற்றோர் கேட்கின்றனர். “சர்வர்களைப் பார்க்கிறோம்” என்று பிள்ளைகள் விடை கூறுகின்றனர். கேட்டவர்க்கு அதனால் ஒன்றும் விளங்குவதில்லை. அத்தொழிலில் பல்லாண்டு பழகியவன் என்னும் உரிமையால், அந்தக் காவலைப் பற்றியும் அதற்குத் துணை நிற்கும் ஒரு சிறு பட்டியலைப் பற்றியும் எழுத முற்பட்டேன்.

ஒவ்வொரு சர்வரும் தான் செய்வனவற்றை வரிவரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு ‘லாக்’ என்று பெயர். விண்டோஸ் கணினியில் ஒருவர் தவறான கடவுச்சொல்லைத் தந்து நுழைய முயன்று தோற்றால், 4625 என்னும் எண்ணோடு ஒரு வரி பதிவாகும். இத்தகைய வரிகள் மனிதர் படித்து முடிக்க இயலாத அளவு குவிவதால், அவற்றைத் திரட்டித் தேடித்தரும் மென்பொருள்கள் தோன்றின. ஸ்ப்ளங்க் அவற்றுள் பெயர் பெற்றது. “ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தேடு, 4625 இருபது முறைக்கு மேல் வந்தால் எங்களை எழுப்பு” என்று பணித்து வைத்தால், அது அவ்வாறே செய்யும். இதுவே ‘அலர்ட்’.

ஆனால் லாக் வரி எண்ணைச் சொல்லுமேயன்றிப் பொருளைச் சொல்லாது. 10.4.7.21 என்னும் முகவரி சம்பளக் கணக்குக் கணினியா, பயிற்சிக் கூடத்துக் கணினியா என்பதை அந்த வரி அறியாது. ஆயிரம் பேர் காலையில் நுழையும் கணினிக்கு இருபது தவறுகள் இயல்பு. இருவர் மட்டுமே தொடும் கணினிக்கு அவையே ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே கோலால் அளந்தால் வீண் கூச்சல் மிகும். மெய்யான அபாயம் அதில் மறைந்துபோகும்.

இக்குறையைத் தீர்ப்பதே ‘லுக்கப்’ எனப்படும் துணைப் பட்டியல். கணினியின் முகவரி, அதன் பணி, பொறுப்பாளர், அதற்குரிய எல்லை எண் ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதிய சாதாரண அட்டவணைதான் அது. தேடல் நடக்கும்போது, லாக்கில் கண்ட முகவரியை மென்பொருள் இப்பட்டியலில் பார்த்து, அந்த வரியின் செய்திகளைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு கணினிக்கும் அதனதன் எல்லை பொருந்தும். எச்சரிக்கையும் உரியவருக்கே செல்லும். “10.4.7.21-இல் பிழை” என்னும் செய்திக்கும், “சம்பளக் கணினியில் பிழை, பொறுப்பாளர் இன்னார்” என்னும் செய்திக்கும் உள்ள வேற்றுமையை நள்ளிரவில் எழுப்பப்பட்டவன் நன்கறிவான்.

பட்டியலின் பெரும்பயன் இன்னொன்று உண்டு. பேசுவோரை லாக் காட்டும், பேசாதவரைக் காட்டாது. நான் பணிபுரிந்த ஓர் அலுவலகத்தில், சம்பளக் கணக்கை முடிக்கும் சர்வர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோயிற்று. பிழை என்னும் சொல்லைத் தேடிக்கொண்டிருந்த அலர்ட் வாய் திறக்கவில்லை. வரியே வராதபோது பிழை எங்ஙனம் வரும்? திங்கட்கிழமை காலையில்தான் செய்தி தெரிந்தது. சம்பளம் இரண்டு நாள் தாமதமாயிற்று. அதிகாரிகளுக்கு அது சிறு தொல்லை. வாயிற்காவலர்க்கும் வண்டியோட்டிகளுக்கும் அவ்வாறில்லை. ஊருக்குப் பணம் அனுப்பவும் வட்டி கட்டவும் அந்த நாளையே அவர்கள் எதிர்நோக்கியிருந்தனர்.

பின்பு ஒரு தோழர், வரவேண்டிய சர்வர்களின் பெயரையெல்லாம் பட்டியலிட்டார். கடந்த ஒரு மணி நேரத்தில் பேசியவற்றை அதிலிருந்து கழித்து, எஞ்சியவற்றை அறிவிக்குமாறு அலர்ட்டை அமைத்தார். பள்ளி ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வைத்து வராத மாணவனைக் கண்டறிவதும் இவ்வாறே அன்றோ? பதிவேடு இல்லாத ஆசிரியருக்கு, வந்திருப்போர் மட்டுமே மாணவர்.

எனினும் பட்டியல் தானே வளர்வதன்று. பேணாவிட்டால் பொய் சொல்லும். சோதனைக் கணினி என்று எச்சரிக்கையிலிருந்து விலக்கப்பட்ட முகவரி நாளை வேறொரு கணினிக்குக் கிடைக்கலாம். அதன் குற்றங்களையும் காவல் கண்டுகொள்ளாது. வேறு பிரிவுக்கு மாற்றலாகிப் போன ஓர் இளைஞரின் தொலைபேசி எண் பட்டியலில் அப்படியே இருந்தது. கைக்குழந்தை உறங்கும் வீட்டில் இரவுதோறும் மணி ஒலிக்கவே, அவர் அதை அடக்கிவைத்தார். அவர்மீது பிழையில்லை. ஆயினும் அந்த எச்சரிக்கைகளைக் கேட்க ஒருவருமில்லை. இடம் பெயர்ந்து வாழும் நமக்கு இது புதிதா? வீடு மாறியதைத் தெரிவிக்காத உறுப்பினரின் இதழ் பழைய வீட்டு வாயிலில்தானே கிடக்கிறது!

எச்சரிக்கை எழுந்தாலே போதும் என்று எண்ணுதலும் தவறு. 2013-இன் இறுதியில் டார்கெட் என்னும் அமெரிக்க வணிக நிறுவனத்தில் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவு போயின. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழுவினர் எச்சரிக்கையைக் கண்டு அமெரிக்காவிலிருந்த தம் நிறுவனத்தாருக்கு அறிவித்திருந்தனர் என்று 2014-இல் செய்தி வெளியாயிற்று. கண்டவர் ஓரிடத்தில், செயற்பட வேண்டியவர் வேறிடத்தில். ‘பொறுப்பாளர்’ என்னும் கட்டம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இந்தியாவிலோ, 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் பிறப்பித்த ஆணைப்படி, இத்தகைய தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். லாக்குகளை 180 நாள் காத்துவைக்கவும் வேண்டும். யாருடைய கணினி என்று தேடுவதிலேயே அந்த ஆறு மணி கழிந்துவிடலாகாது.

ஆகவே இத்தொழிலில் இருக்கும் நம் இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளர் ஒருவரையும், கடைசியாகச் சரிபார்த்த நாளையும் எழுதுங்கள். விலக்கு ஒவ்வொன்றுக்கும் முடிவு நாள் குறியுங்கள். பட்டியல் முப்பது நாளாகப் பார்க்கப்படாதிருந்தால், அதையே அறிவிக்கும் அலர்ட் ஒன்றும் வையுங்கள். இவ்வேலைக்குப் புகழ் கிடைப்பது அரிது. ஆனால் எங்கோ ஒரு வாயிற்காவலரின் சம்பளம் குறித்த நாளில் அவர் ஊருக்குப் போய்ச் சேரும்.