பூசிக்கோ அம்மையாரின் வாரிசுகள்

பத்திரிகைத் துறையில் நான் கழித்த ஆண்டுகளில், தந்தை வளர்த்த வர்த்தக நிலையம் பிள்ளைகள் காலத்தில் பங்கு பிரிந்து நலிந்துபோன செய்திகளைப் பலமுறை எழுதியிருக்கிறேன். 'அன் சன்ஸ்' என்று முடியும் பெயர்ப்பலகைகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஏராளம். கடையைத் தொடங்குவதிலும் பார்க்க, அதனை யாரிடம் ஒப்படைப்பது என்பதே கடினமான கேள்வி. அக்கேள்வி எழும்போதெல்லாம் பாரிஸ் நகரத்துப் பெண்மணி ஒருவர் என் நினைவுக்கு வருவார்.

நோர்மண்டியில் தொப்பி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அரிஸ்டீட் பூசிக்கோ. 1852 இல் அவர் 'போன் மார்ஷே' என்ற கடையில் பங்காளியாகச் சேர்ந்தபோது அங்கு 4 பிரிவுகளும் 12 ஊழியர்களுமே இருந்தனர். விலையைப் பொருளிலேயே குறித்தார். பேரம் பேசுவதை ஒழித்தார். பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். வாங்கும் எண்ணம் இல்லாதவரும் உள்ளே வந்து பார்க்கலாம். குறைந்த இலாபம், நிறைந்த விற்பனை என்பதே அவரது வழி. 1863 இல் கடை முழுவதும் அவர் வசமாயிற்று. 1869 இல் புதிய மாளிகைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

அவருக்குத் தோள்கொடுத்தவர் மனைவி மார்கரீத். வறிய கிராமத்துப் பெண். பாரிஸுக்கு வந்து உழைத்து முன்னேறியவர். 1876 இல் ஊழியருக்கெனச் சேமநிதி ஒன்று அங்கு தொடங்கப்பட்டது. சம்பளத்தில் ஒரு சதமும் பிடிக்காமல் இலாபத்திலிருந்தே அதற்குப் பணம் ஒதுக்கினார்கள். நமது ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இலேயே வந்தது என்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

1877 இல் கணவர் காலமானார். 1879 இல் ஒரே மகனும் மறைந்தார். வாரிசில்லாத அந்தத் தாய் கடையை விற்றுவிட்டு ஒதுங்கியிருக்கலாம். அவரோ 1880 இல் ஊழியர்களையே பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டார். கடைநிலை ஊழியர் அனைவருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டவில்லை என்பதும் உண்மையே. பிரிவுத் தலைவர்களும் முதலிட வசதியுள்ள மூத்தவர்களுமே முதலில் பங்காளிகளாயினர். ஆயினும் அக்காலத்தில் அது துணிவான செயல். 1887 இல் அவர் மறைந்தபோது, மரணசாசனத்தின்படி பெருஞ்செல்வம் ஊழியருக்கும் தருமத்துக்கும் சென்றது. அதில் எழுந்த மருத்துவமனை 1897 இல் திறக்கப்பட்டது.

பாரிஸில் வாழும் நம்மவர் பலர் 'பூசிக்கோ' என்ற மெட்ரோ நிலையத்தைக் கடந்து சென்றிருப்பர். 1984 இல் கடை வேறொரு பெருநிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆனாலும் அது இன்றும் நிலைத்திருக்கிறது. இரத்த உறவு அற்றுப்போன பின்னரும் ஒரு குடும்பத்தின் உழைப்பு அழியாமல் காக்கப்பட்டது, கூட உழைத்தவர்களையும் குடும்பமாக அவர் எண்ணியதால் அல்லவா?