புல்லும் பயறும்

புல் என்றால் அற்பப் பொருள் என்று கருதுவது உலக வழக்கு. 'புல்லியர்' என்னும் சொல்லுக்குக் கீழோர் என்று பொருள் கூறி, ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடம் சொன்னவன் நான். பிற்காலத்தில் அப்புல்லே எனக்கு ஆசிரியனாக அமைந்தது. அப்பாடத்தைக் கற்பதற்குக் கொடுத்த விலை என்னுடையதன்று. ஓர் ஏழைத் தாயின் பசு அது.

எங்கள் சிற்றூர் விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி அமைந்தது. கிணற்றுப் பாசனமும் வானம் பார்த்த கொல்லையும் கலந்த செம்மண் பூமி. இங்கு வேர்க்கடலையை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ அது. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான கடலை வகைகள், அவ்வூரைக் குறிக்கும் 'டி.எம்.வி.' என்னும் எழுத்துகளைத் தாங்கிப் பல மாநிலங்களுக்கும் சென்றன. 1940இல் வந்த டி.எம்.வி. 2, 1967இல் வந்த டி.எம்.வி. 7 ஆகியவற்றை உழவர் நன்கறிவர். காயைப் பறித்தபின் எஞ்சும் கொடி மாட்டுக்கு நல்ல தீவனம். "மல்லாட்டை போட்ட கொல்லையில் அடுத்த வெள்ளாமை தானே தழைக்கும்" என்று என் தந்தையார் அடிக்கடி கூறுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. யாப்பும் அணியும் கற்பதில் என் காலம் கழிந்தது.

பணி ஓய்வு பெற்றபின் இரண்டு பசுக்களை வாங்கினேன். குதிரை மசால் என்னும் தீவனப் பயிரில் புரதச்சத்து மிகுதி என்று ஒரு நூலில் படித்தேன். உடனே கிணற்றடியில் கால் ஏக்கர் நிலத்தைப் பண்படுத்தி, 2018ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களில் அதனை விதைத்தேன். தை பிறந்தபோது வயல் முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தோன்றியது. என் உள்ளத்தில் பெருமிதம் நிறைந்தது. அப்பயிரை எவ்வாறு ஊட்டுவது என்று அதே நூல் கூறிய பகுதியை மட்டும் நான் படிக்கவில்லை.

2019ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கல் நாள். பக்கத்து வீட்டில் கணவனை இழந்த அம்மையார் ஒருவர் இருந்தார். ஒரே கறவைப் பசுவின் பாலை விற்று, இரு மக்களைப் படிக்க வைத்தவர். அன்று காலை அவர் தம் பசுவைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். நான் அவரிடம், "இன்று மாடுகளின் திருநாள் அல்லவா, அம்மா? உங்கள் பசுவை என் வயலில் விடுங்கள், வயிறார மேயட்டும்" என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். "பசு வெறும் வயிற்றோடு இருக்கிறது, ஐயா. பனி ஈரமும் இன்னும் காயவில்லை. கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டுப் பிறகு விடுகிறேனே" என்றார்.

"இத்தனை பசுந்தழை இருக்க, வைக்கோல் எதற்கு?" என்று சொல்லி, நானே கயிற்றைப் பிடித்துப் பசுவை வயலுக்கு நடத்திச் சென்றேன்.

சிறிது நேரத்திற்குள் பசுவின் இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பியது. அது மூச்சு விடத் திணறியது, கால்களை உதைத்துக்கொண்டது. நல்லெண்ணெயை வாயில் ஊற்றினோம். ஆள் அனுப்பிக் கால்நடை மருத்துவரை அழைத்தோம். அவர் விரைந்து வந்தார். பசு அவருக்கு முந்திச் சென்றுவிட்டது. வண்ணம் தீட்டிய கொம்புகள் மண்ணில் சாய்ந்து கிடந்தன. அவ்வம்மையார் என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

என் இரு பசுக்களுள் சினையாக இருந்ததை அன்று மாலையே அவர் தொழுவத்தில் கட்டினேன். அவர் பெற்றுக்கொண்டார். ஆனால், அதன் பிறகு அப்பசுவை அவர் என் நிலத்தின் பக்கம் ஓட்டி வந்ததில்லை.

நடந்தது யாது என்பதை மருத்துவர் எனக்கு விளக்கினார். மாட்டின் இரைப்பை நான்கு அறைகளை உடையது. இடப்புறமுள்ள பெரிய அறையில் இரை புளிக்கும்போது காற்று உண்டாகும். மாடு ஏப்பம் விட்டு அதனை வெளியேற்றிவிடும். பசித்த மாடு இளங்குதிரை மசாலைத் தனியே மிகுதியாகத் தின்றால், காற்று நுரைக்குள் சிக்கிக்கொள்கிறது. ஏப்பம் எழாது, உப்பிய வயிறு நெஞ்சை நெருக்க, மாடு மூச்சடைத்து மடியும். வைக்கோலோ புல்லோ முன்னரே வயிற்றில் இருந்தால் இக்கேடு பெரிதும் குறையும். நான் தள்ளிவிட்ட அந்தப் பிடி வைக்கோலே அன்று மருந்தாக இருந்திருக்கும்!

அதன்பின் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். குளிர்நாடுகளில் குளோவர் என்றொரு செடி உண்டு. மூன்று மூன்றாக இலை விடுவது. நம் குதிரை மசாலுக்கு அது உறவு. இங்கிலாந்து நாட்டு உழவர் 17ஆம் நூற்றாண்டிலிருந்து அதனைப் பெருக விதைத்தனர். குளோவரைத் தனியே மேய்ந்த மாடுகள் அங்கும் வயிறு உப்பி மாண்டதுண்டு. ஆதலின் குளோவரைப் புல்லோடு கலந்து விதைப்பதே நன்று என்று அவர்கள் கண்டனர்.

அக்கலப்பினால் மாடு மட்டுமன்றி மண்ணும் பயன் பெறுகிறது. அவரை, துவரை, கடலை, குளோவர், மசால் யாவும் பயறினத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு. அம்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை ஈர்த்துச் செடிக்கு உணவாக்கித் தருகின்றன. இவ்வுண்மையை 1888இல் செருமானிய அறிஞர்களாகிய எல்ரீகல், வில்பார்த் என்னும் இருவர் சோதனைகளால் நிறுவினர். பயறினம் மண்ணில் சேர்க்கும் அச்சத்தைப் பக்கத்தில் வளரும் புல்லும் பெறுகிறது. என் தந்தையார் கூறிய மல்லாட்டைக் கொல்லையின் மறைபொருளை அன்றுதான் உணர்ந்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை உரம் மலிந்தபோது, மேலைநாட்டு வயல்கள் பலவற்றிலிருந்து குளோவர் மறைந்தது. இப்போது உரச்செலவையும் மண்ணின் நலிவையும் எண்ணி, அங்குள்ள உழவர் பலர் மீண்டும் பலவகைச் செடிகளைக் கலந்து விதைக்கின்றனர்.

இத்தகைய கலப்பு மேய்ச்சல் நிலம் நம் நாட்டிலும் நெடுங்காலமாக உண்டு என்று அறிந்து, அவ்வாண்டே காங்கேயம் சென்றேன். அங்கு அதனைக் கொறங்காடு என்பர். சுற்றிலும் கிளுவை மரங்களால் அமைந்த உயிர்வேலி. இடையிடையே வெள்வேல மரங்கள். தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். அதனூடே நரிப்பயறு போன்ற பயறினக் கொடிகள். கோடையில் புல் காய்ந்தாலும், வெள்வேல மரத்தின் காய்கள் உதிர்ந்து மாடுகளுக்கு உணவாகின்றன. மழை குறைந்த அந்நாட்டில் காங்கேயம் காளைகள் உரம்பெற்று வளர்வதற்குக் கொறங்காடும் ஒரு காரணம். அதனைக் கண்டு நின்றபோது, கற்றோர் எழுதிய நூல்களைப் போலவே, எழுதப்படாத நூல்களும் உலகில் உண்டு என்று தோன்றியது.

ஊர் திரும்பியதும், தரிசாகக் கிடந்த அரை ஏக்கர் கொல்லையை உழுதேன். எங்கள் மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல்லும் முயல் மசாலும் பொருந்தும் என்று அறிந்தோர் கூறினர். முயல் மசால் வறட்சியைத் தாங்கும் பயறினச் செடி. அதன் விதைத்தோல் மிகக் கடினமானது. ஆதலின் விதையைச் சூடான நீரில் நான்கு நிமிடம் இட்டு, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தேன். கொழுக்கட்டைப் புல்லின் புதுவிதை உடனே முளைக்காது. சில திங்கள் உறங்கும். எனவே பழைய விதையையே தேடி வாங்கினேன். மூன்று சால் புல்லுக்கு ஒரு சால் மசால் என்ற அளவில், ஆவணி மழையின் ஈரத்தில் மேலாக விதைத்தேன்.

முதலில் களைகளே மிகுந்தன. ஊரார் சிலர் நகைத்தனர். களையெடுத்துக் காத்திருந்தேன், முதலாண்டு ஒரு மாட்டையும் உள்ளே விடாமல் புல்லை அறுத்தே போட்டேன். விதைகள் தாமே உதிர்ந்து முளைத்தன. மூன்றாம் ஆண்டில் வெற்றிடம் காணாதபடி கொல்லை நிறைந்தது. புல்லின் சல்லிவேர் மேல்மண்ணைப் பற்றி, மழைநீர் அரிக்காமல் காத்தது. மசாலின் ஆணிவேர் ஆழத்து ஈரத்தை நாடியது. ஒன்று மற்றொன்றன் உணவைப் பறிக்கவில்லை.

2022ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று, வெயில் ஏறிப் பனி உலர்ந்தபின், கொல்லை வாயிலில் சலங்கை ஒலி கேட்டது. அவ்வம்மையார் பசுவோடு நின்றார். நான் கொடுத்த பசு ஈன்ற கிடாரி அது.

"வைக்கோல் போட்டுவிட்டுத்தான் ஓட்டி வந்தேன், ஐயா. மேய விடலாமா?" என்றார்.

இம்முறை கயிற்றை நான் பிடிக்கவில்லை. "எந்தப் பக்கம் மேயலாம் என்பதை நீங்களே சொல்லுங்கள், அம்மா" என்று கூறி, விலகி நின்று வழிவிட்டேன்.

தனித்து விளைந்த மசால், சத்து மிகுந்திருந்தும் கேடாயிற்று. புல்லோடு கலந்து வளரும் பயறோ மாட்டையும் மண்ணையும் காக்கிறது. நூற்கல்வியும் அத்தகையதே. மண்ணோடும் மாட்டோடும் வாழ்வோரின் பட்டறிவோடு கலக்கும்போதுதான் அது பிறர்க்கு உணவாகும்.