அப்பாவின் பிக்கப்பும் 555 நோட்டும்

கோலசிலாங்கூரிலிருந்து வருகிறேன் என்றதும் வளாகத்து நண்பர்கள் மின்மினிப் பூச்சியைப் பற்றித்தான் கேட்பார்கள். கம்போங் குவாந்தானுக்குப் படகில் போயிருக்கிறாயா என்பார்கள். இரவில் மின்னுவது மின்மினி என்றால், எங்கள் பக்கம் பகலெல்லாம் உறுமுவது டீசல் பிக்கப். மின்மினியைப் பற்றி எழுதியவர்கள் பலர். பிக்கப்பைப் பற்றி நமது ஆண்டிதழில் இதுவரை நான் படித்ததில்லை. ஆகவே இந்த முயற்சி.

என் அப்பா தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. இன்று சிறு குத்தகையாளர். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரச் சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிச் செல்வார், வரும்போது உரமூட்டைகள். பெஸ்தாரி ஜெயா என்றால் எங்கள் பெரியவர்களுக்குப் புரியாது, பத்தாங் பெர்ஜுந்தை என்று சொல்ல வேண்டும். 2007-இல் பெயர் மாறியது. இந்நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிக நோக்கில் நடப்பட்டதும் இங்கேதான்: 1917-இல், தென்னமாரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரரால். பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் பெற்றார். குலை சுமந்தவர்களுக்குப் பரிசு உண்டா என்று கேட்கக் கூடாது.

செம்பனைக் குலைக்குப் பொறுமை கிடையாது. வெட்டியவுடன் பழத்துக்குள் கொழுப்பு அமிலம் கூடத் தொடங்கிவிடும். அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாகக் கூடும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பார்கள். பிக்கப் ஒரு நாள் படுத்தால் பழம் கெடும். இரண்டு நாள் படுத்தால் சிறுதோட்டக்காரர் வேறு வண்டியைக் கூப்பிடுவார். மூன்றாம் நாள் அந்த வேறு வண்டியே அவருடைய வண்டியாகிவிடும்.

2024-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியானது. அன்றிரவு அப்பாவும் நானும் கணக்குப் போட்டோம். வாரத்திற்கு ஏறத்தாழ 75 லிட்டர், மாதம் 300 லிட்டர். லிட்டருக்கு 1.20 கூடுதல் என்றால் 360 வெள்ளி. அரசாங்கம் அறிவித்த 'புடி மடானி' உதவித்தொகை மாதம் 200 வெள்ளி. அதாவது 166 லிட்டருக்குள் ஓட்டுபவருக்கு நட்டமில்லை. வேலைக்கு ஓட்டுபவருக்கு 160 வெள்ளி கையைக் கடிக்கும். அதன்பின் விலை ஏறியும் இறங்கியும் போனது வேறு கதை. எங்கள் பழைய பிக்கப்போ வயதாகி, முன்பைவிட அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தது. மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானது.

கையில் இருந்தது நாற்பதாயிரம் வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதில் என் இறுதியாண்டுச் செலவும் அடக்கம். சம்பளச் சீட்டு இல்லாத மனிதருக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்குமா? எனவே புதிய வண்டி என்ற பேச்சே எழவில்லை. தம்பிக்கு மட்டும் அகலமான டயரும் கறுப்பு ரிம்மும் போட்ட வண்டி மீது கண். "அது கல்யாண ஊர்வலத்துக்கு நல்லாருக்கும்டா" என்று அப்பா முடித்துவிட்டார்.

பழைய வண்டி வாங்கும்போது நான் கற்றவற்றைச் சொல்கிறேன். காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். புகையின் நிறம் பேசும்: நீலம் என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது, கருமை என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம், வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் இன்ஜெக்டரிலோ குளிர்நீர்க் கசிவிலோ கோளாறு இருக்கலாம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், கிள்ளான் பக்கம் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. ஆகவே இருக்கை வாரைக் கடைசி வரை இழுத்துப் பார்க்க வேண்டும். வெளியே எவ்வளவு கழுவினாலும் வாரின் அடிப்பகுதியில் சேற்றின் கறை தங்கிவிடும். ஒரு வண்டியை அப்படித்தான் தவிர்த்தோம்.

அடுத்தது டைமிங் பெல்ட்டா, சங்கிலியா என்ற கேள்வி. பழைய ஹைலக்ஸின் 2.5 லிட்டர் 2கேடி இயந்திரத்தில் பெல்ட். தவணை தவறாமல் மாற்ற வேண்டும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே போய்விடும். டி-மேக்ஸின் 2.5-இல் சங்கிலி. பெல்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மாற்றிய சான்று இல்லாத பெல்ட்தான் ஆபத்து. நாங்கள் பார்த்தவற்றில் யாரிடமும் அந்தச் சான்று இல்லை. கடைசியில் டி-மேக்ஸ் ஒன்றை வாங்கினோம், நான்கு சக்கர ஓட்டம் கொண்டது.

நான்கு சக்கரம் வீண் செலவு என்றார் மாமா. ஜெராம் பக்கம் கடற்கரைக் களிமண், பெஸ்தாரி ஜெயா பக்கம் கரிமண். மழை பெய்த மறுநாள் ஒரு டன் குலையோடு அந்த மண்ணில் இறங்கிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் தார்ச்சாலை ஏறியதும் இரண்டு சக்கர ஓட்டத்துக்கு மாற்றிவிட வேண்டும். திரும்பும்போது முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க நடுவில் ஒன்றும் இல்லாததால் பல்லிணைகள் முறுக்கிக்கொள்ளும்.

இனி பராமரிப்பு. வண்டி விவரங்கள் எல்லாம் என்னிடம் ஒரு 555 நோட்டில் இருக்கின்றன. நான்காம் படிவத்திலிருந்து எழுதி வருகிறேன், தமிழில். கையேடு ஆங்கிலத்தில், போமன் பேசுவது மலாயில், அப்பா படிப்பது தமிழில். இடைநிலைப்பள்ளியில் நான் கற்ற மலாய் இந்த இடத்தில்தான் முழுதாகப் பயன்பட்டது. ஈஜோக் போமன் சீனர். என்னை 'கிராணி' என்றுதான் அழைப்பார்.

நோட்டில் அதிகம் வரும் சொல் 'டீசல் ஃபில்டர்'. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2019-இல் அது 10 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அப்பா ஏற்றிச் செல்லும் குலையே ஒரு வகையில் அவர் தொட்டிக்குத் திரும்பி வருகிறது! பயோடீசல் சாதாரண டீசலைவிட ஈரத்தை எளிதாக இழுக்கும். பழைய தொட்டியின் அடியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். இரண்டும் ஃபில்டரில் வந்து நிற்கும். அதைத் தாண்டி நீர் போனால் இன்ஜெக்டர் கதி அவ்வளவுதான். அங்கே அழுத்தம் 1,500 பாருக்கும் மேல். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். எனவே மாதம் ஒரு முறை ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துப் பார்க்கிறோம். நீர் அடியில் தனியாக நிற்கும். இரவில் தொட்டியைக் காலியாக விடுவதில்லை. காலி இடத்தில் ஈரக் காற்று குளிர்ந்து நீராகும்.

எண்ணெய் மாற்றம் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. வேலை வண்டிக்கு, அதுவும் செம்மண் தூசியில் ஓடும் வண்டிக்கு, கையேட்டின் நீண்ட தவணை பொருந்தாது என்பது என் கட்சி. காற்று ஃபில்டரை ஊதிப் போடலாம் என்பார் அப்பா. காகிதத்தில் ஓட்டை விழுந்தால் தூசி டர்போவுக்கே போகும் என்பேன் நான். இதில் இன்னும் சமாதானம் ஆகவில்லை. பாரத்தோடு வந்து நின்றதும் ஒரு நிமிடம் இயந்திரத்தைச் சும்மா ஓடவிட்டு அணைப்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை. டர்போ ஆற வேண்டும்.

யாரும் கவனிக்காத ஒன்று உரம். பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு; மூட்டையிலிருந்து சிந்தியது மழைநீரோடு சேர்ந்து தளத்தையும் சேசிஸையும் அரிக்கும். பழைய பிக்கப்பின் வில் தகடு மாட்டும் இடம் அப்படித்தான் ஓட்டையானது. உரம் இறக்கிய அன்று மாலை எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அப்பா நீர்க்குழாயை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிவார்.

"விடுங்கப்பா, காலையில கழுவலாம்" என்றால், "உப்பு தூங்காதும்மா" என்பார். விடுமுறைக்கு நான் வீட்டில் இருக்கும் நாட்களில் விளக்குப் பிடிப்பது என் வேலை. மற்ற நாட்களில் தம்பி பிடிக்கிறான். நோட்டில் எழுத மட்டும் அவன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வாரக் கடைசியில் அப்பா தொலைபேசியில் எண்களைச் சொல்ல, நான் இங்கே விடுதியில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.