ஐந்தடிக்கும் ஆறடிக்கும் ஒரே பட்டி

ஸ்கூபா சாமான் விற்கிற எந்தக் கடையும் ஒரே வாக்குறுதியைத்தான் தரும்: குளிர்க் கடலுக்கும் சரி, வெப்பக் கடலுக்கும் சரி, பிளேனில் கொண்டுபோகவும் சரி, எல்லா இடத்துக்கும் பொருந்தும். காசு சேர்த்து ஒரு செட் வாங்க வெளிக்கிட்ட எங்கள் நாலு பேருக்கும் தெரியவேண்டி இருந்தது வேறொன்று. எங்கட எல்லா உடம்புக்கும் அது பொருந்துமா?

எங்களில் ஒருத்தி ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, 42 கிலோ. ஒருத்தன் ஆறடி. மற்ற இரண்டு பேரும் இடையில். நிலாவெளியில் ஜக்கெட் வாடகைக்கு எடுத்தால் ஆறடிக்காரனுக்கு ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை. அவளுக்குக் கிடைக்கிற 'ஸ்மோல்' சைஸ், காற்று நிரப்பின உடனே காதுவரைக்கும் ஏறிவிடும். சிலிண்டர் ஒரு பக்கம் சரியும். அதை இழுத்துப் பிடிக்கிறதிலேயே கவனமும் போய், மூச்சுக் காற்றும் போய்விடும். புறாத்தீவுப் பக்கம் பவளப்பாறைக்கு மேலே அப்படித் தடுமாறினால் கால் பட்டு உடைவது பாறைதான். "உனக்கு இன்னும் பழகேல்ல" என்பார்கள். அளவு பிழை என்று ஒருவரும் சொன்னதில்லை.

இந்தக் காற்றுப்பை எதற்கு? வழமையான 11 லீற்றர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கும் காற்று மட்டுமே இரண்டரைக் கிலோ வரும். மூச்சு எடுக்க எடுக்க அது குறையும், நாங்கள் மிதக்கத் தொடங்குவோம். மறுபக்கம், 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. வெட்சூட்டுக்குள் இருக்கிற குமிழிகள் சுருங்கும், நாங்கள் தாழத் தொடங்குவோம். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தத்தான் பைக்குள் கொஞ்சம் காற்று விடுவதும் எடுப்பதும்.

ஆக, முதுகில் மாட்டுகிற சாமானுக்கு இரண்டு வேலை. சிலிண்டரை உடம்போடு இறுக்கிப் பிடிக்கவேண்டும், மிதப்பையும் சரிசெய்யவேண்டும். 1971இல் ஸ்கூபாப்ரோ கொண்டுவந்த ஜக்கெட் வகையில் இரண்டும் சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும். வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அதன் வழிவந்தவைதான். 1970களின் கடைசியில் புளோரிடாவின் நீரடிக் குகைகளில் இறங்கியவர்கள் இரண்டையும் பிரித்தார்கள். முதுகில் ஒரு உலோகத் தகடு, அதன் துளைகளுக்குள்ளால் கோத்த ஒரே நீளப் பட்டி, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு காற்றுப்பை. பேக்பிளேட், ஹார்னஸ், விங் என்று சொல்லுவது இவற்றைத்தான்.

நாங்கள் எடுத்தது இந்த வகை. கனடாவில் இருக்கிற அக்கா ஒருவர் ஊருக்கு வரும்போது பாவித்த செட் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். தகடு அலுமினியம், ஒரு கிலோவும் வராது. எஃகுத் தகடு என்றால் இரண்டு கிலோவைத் தாண்டும். தண்ணிக்குள் அந்தப் பாரம் வீண் இல்லை, அந்தளவுக்கு இடுப்பில் கட்டுகிற ஈயம் குறையும். ஆனால் ஈயம் எந்த டைவ் சென்டரிலும் இருக்கும், அதை நாங்கள் பஸ்ஸில் சுமக்கத் தேவையில்லை. விங் 13 கிலோ தூக்கும். மெல்லிய வெட்சூட்டுக்கும் ஒரு சிலிண்டருக்கும் அது போதும். பெரிய விங் கூடப் பாதுகாப்பு என்று நினைக்கத் தோன்றும். தேவைக்கு மேல் பெரிசானால் உள்ளுக்குள்ளே காற்று அங்கையும் இங்கையும் ஓடும், தண்ணியின் இழுவையும் கூடும்.

எல்லாரும் பார்த்துச் சிரித்தது கவட்டுப் பட்டியைத்தான். கால்களுக்கு நடுவால் வந்து இடுப்புப் பட்டியோடு கொழுவுகிற பட்டி. வெட்கப்பட்டு அதைக் கழட்டிவிடலாமா என்றும் கதை வந்தது. கழட்டவில்லை. தகட்டை மேலே ஏறவிடாமல் பிடிப்பது அதுதான். அதைப் போட்டு இறங்கின முதல் நாள், அவள் மூச்சை மட்டும் வைத்து அந்தரத்தில் அசையாமல் நின்றாள்.

குறைகளும் இருக்கு. பொக்கெட் இல்லை. தண்ணிக்கு மேலே வந்து காற்றைக் கூட நிரப்பினால் விங் முகத்தை முன்னுக்குத் தள்ளும். ஜக்கெட் என்றால் நிமிர்த்தி வைத்திருக்கும், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது சுகம். ஆள் மாறும்போதெல்லாம் பட்டியைத் திரும்பக் கோக்கவேண்டும், பத்து நிமிடம் போகும். அதற்கு ஆளுக்கொரு நிற நூலால் பட்டியில் அடையாளம் தைத்திருக்கிறோம். சிவப்பு அவள், நீலம் ஆறடி. பட்டி தேய்ந்தால் அதே அகலத்தில் வேறு பட்டி போடலாம். உடைவதற்குப் பிளாஸ்டிக் கிளிப்புகளும் இல்லை.

எங்களுக்குப் பயணம் என்பது மாலைதீவோ எகிப்தோ இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை. அந்தப் பக்கம் கடல் குழம்பினால் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவ. விங்கைச் சுருட்டித் தகட்டோடு வைத்தால் ஒரு புத்தகப் பைக்குள் அடங்கும்.

முல்லைத்தீவிலும் மன்னாரிலும் கடலட்டைக்கு இறங்குகிறவர்களில் பலருக்கு இந்தப் பை எதுவும் இல்லை. சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். எங்களில் ஒருவனின் பெரியப்பா அப்படித் தொழில் செய்தவர். எங்கட செட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உது என்ன விலை தம்பி?" என்று கேட்டார். சொன்னோம். "உந்தக் காசுக்கு வலை எடுக்கலாம்" என்றார். பிறகு கவட்டுப் பட்டியை ஒருக்கால் இழுத்துப் பார்த்து, "ஆனா உது நழுவாது, என்ன?" என்றார்.

எங்களிடம் பதில் இல்லை. மேலே வரும்போது 5 மீற்றரில் மூன்று நிமிடம் அசையாமல் நிற்பதற்கு இந்தப் பை எவ்வளவு உதவுகிறது என்று எங்களுக்குத் தெரியும். அப்படி நிற்காமல், நாளுக்குப் பல சிலிண்டர் இறங்கி ஏறுகிறவர்களின் உடம்பில் தங்குகிற நைட்ரஜன் என்ன செய்யும் என்று அவருக்கு எங்களைவிடத் தெரியும். பொழுதுபோக்குக்குப் போகிற எங்களுக்குக் கிடைத்தது, தொழிலுக்குப் போன அவருக்குக் கிடைக்கவில்லை.

கூட்டாக வாங்க யோசிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். பாவித்த விங் என்றால் காற்று நிரப்பி ஒரு இரவு வைத்துப் பாருங்கோ, காலையிலும் இறுக்கமாக இருக்கவேண்டும். ஹார்னஸை முதலில் உங்களில் ஆகச் சின்ன உடம்புக்குப் போட்டுப் பாருங்கோ. பெரிய உடம்புக்குப் பட்டியைத் தளர்த்தினால் சரி. சின்ன உடம்பில் ஆடுகிற ஜக்கெட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது ஆடிக்கொண்டேதான் இருக்கும்.